பதினெட்டு வோல்ட்

அம்மாவின் பின்னலைப் பிரித்துத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள் மகள். குளியலறையில் விழுந்து நான்கு மணி நேரமாகியும் முடிக்குள் ஈரம் போகவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அமரர் ஊர்தி காலையில்தான் வரும்.

கால்மாட்டில் நின்ற கீழ்வீட்டு டீச்சர் தானாகவே சொல்லத் தொடங்கினாள். "தண்ணி வழிஞ்சு படியில இறங்குச்சு. அப்பத்தான் ஓடி வந்தேன். அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கூப்பிட்ட மாதிரி இருந்துச்சும்மா. உங்கப்பாதான் வீட்ல இருக்காரேன்னு..." மிச்சத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அப்பா அடுத்த அறையில் மேசை முன் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதமாக, ஹெட்போனில் கேட்பதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயர் பத்தே நாளில் முடிந்துவிட்டது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைதான் அவர் உயிரை வாங்கியது. வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் காதுக்குள் கொர்ரென்று ஓர் இரைச்சல். "உங்கப்பாவுக்கு ஒரு சக்களத்தி கிடைச்சிட்டா, அதுவும் தகர டப்பாவுக்குள்ள" என்று அம்மா ஃபோனில் சிரிப்பாள்.

இன்று காலையும் அவர் ஃபோன் செய்தார். சர்க்யூட் வரைவதுதான் மகளின் பிழைப்பு. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "சும்மா கெபாசிட்டர் மேல பழி போடாதீங்கப்பா. ரெகுலேட்டர் பதினஞ்சு வோல்ட் குடுக்கணும்னா, உள்ள வர்றது அதைவிட மூணு வோல்ட்டாவது கூட இருக்கணும். கரண்ட் இறங்கினா உங்களுக்கு அது இல்ல. ட்ரான்ஸ்ஃபார்மரை பதினெட்டு வோல்ட்டா மாத்துங்க."

"அடடே! பரண்ல ஒண்ணு கிடக்கே!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வெச்சிடாதீங்க, எங்கிட்ட குடுங்க. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் பேசறேன்னு சொல்லுங்கப்பா. பஸ் போயிடும்."

மகள் துண்டை மடித்துவைத்துவிட்டு அப்பாவின் அறை வாசலுக்குப் போனாள்.

"சத்தம் போயிடுச்சா?"

அவர் நிமிரவில்லை. "போயிடுச்சு."

"என்ன பாட்டு கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"பாட்டு போடலை." விரல் நகத்தில் ஒட்டியிருந்த ஈயத்தைச் சுரண்டினார். "வால்யூமை முழுசாத் திருப்பி வெச்சு, எங்கயாவது இரையுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். சுத்தமா ஒண்ணுமே இல்லம்மா. சமையலறைச் சத்தம் வரும்னு கதவையும் சாத்திட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி இருக்கும்."

அவள் அறைக்குள் வந்தாள்.

"காலைல அம்மா என்ன சொல்லணும்னு சொன்னாங்க?"

"கேக்கலை. பரண்ல ஏறிட்டேன்."

டீச்சர் கொண்டுவந்த தட்டு கூடத்தில் மூடியபடி இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அப்பா எழுந்து வந்தார். கையில் ஒரு மாத்திரை டப்பா.

"இதுல எது சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு... அவதான் எடுத்துத் தருவா."

மகள் வாங்கித் திறந்தாள். ஐந்தாறு அட்டைகள். இருவரும் விளக்கடியில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். மாத்திரை தீர்ந்த பக்கமாகவே பெயர்களும் கிழிந்து போயிருந்தன.