தண்டனைக்கு வந்த விருந்தாளிகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடைச் சுவரிலிருந்து கிடைத்தது. கொச்கோர் என்ற எங்கள் ஊரில் நான் ரொட்டி வாங்கும் கடை. மாவுப் பசை காய்ந்த ஓர் அறிவிப்பு: ‘சனிக்கிழமை காலை, மேல் வாய்க்காலில், எசென்கான் தூர்வாருவார்.’ கீழே நன்னடத்தை அலுவலர் ஜிப்பாரின் கையெழுத்து. இதைப் படித்துவிட்டு ஊர் செய்த காரியத்தை நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள், அதுவும் மோசமாக.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தண்டனையின் நோக்கங்கள் நான்கு. பழி தீர்ப்பது, பயமுறுத்துவது, திருத்துவது, இழந்தவருக்கு ஈடு செய்வது. இவற்றுள்’ — எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

அடுத்து: ‘எசென்கான் மண்வெட்டியை ஓங்கியபோது சூரியன்’ — சூரியனை விடுங்கள். போன கோடையில் தண்ணீர் முறைக்காக எசென்கானுக்கும் பக்கத்து வயல் சுபனாலிக்கும் சண்டை. எசென்கான் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் சுபனாலியின் வலது கை முறிந்தது. முதல் குற்றம் என்பதால் நீதிபதி அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. எந்த வாய்க்காலுக்காக அடித்தானோ அதையே தூர்வாரச் சொன்னார். செய்யத் தவறினால் சிறைதான்.

2

ஜிப்பாரைக் கண்டிப்பானவள் என்று எழுதி அடித்துவிட்டேன். கண்டிப்பு இல்லை, நம்பிக்கை. நாலு பேர் பார்க்க வேலை செய்தால்தான் அவனுக்கும் உறைக்கும், மற்றவர்களுக்கும் புத்தி வரும் என்று நம்பினாள். அதனால்தான் நாளும் இடமும் போட்டுக் கடைச் சுவரில் ஒட்டினாள்.

சனிக்கிழமை வாய்க்காலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊரே மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. கரையில் தேநீருக்குச் சமோவர் புகைந்தது, ஆட்டுக்கறி பலாவ் கொதித்தது. நடுவில் எசென்கான், கையில் ஒன்றுமில்லாமல், மாப்பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டிருந்தான்.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: ஒருவரால் தனியாக முடியாத வேலையை ஊர் கூடிச் செய்துகொடுப்பதற்கு அஷார் என்று பெயர். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. நாளும் இடமும் வேலையும் கடைச் சுவரில் இருந்தால், அது அழைப்பு. ஜிப்பாரும் இதே ஊர்க்காரிதான். அலுவலகப் பாஷையில் எழுதி எழுதி மறந்துபோனாள்.]

“யாரு உங்களை வரச் சொன்னது?” என்றாள் ஜிப்பார்.

“நீங்கதான் எஜே. சுவத்துல ஒட்டியிருந்தீங்களே!” என்றாள் கடைக்காரி. (எஜே என்றால் அக்கா. மரியாதைக்கும் அதுதான், கிண்டலுக்கும் அதுதான்.)

“அது தண்டனைம்மா!”

“இருக்கட்டுமே. அதுக்காக அவனை ஒத்தை ஆளா விட்டுட முடியுமா? உக்காருங்க, பலாவ் ஆறிடும்.”

எசென்கானின் காதெல்லாம் சிவந்திருந்தது. “சத்தியமா நான் கூப்பிடலை எஜே. போங்கன்னுதான் சொன்னேன். என் மண்வெட்டியையே பிடுங்கிட்டாங்க.”

3

அப்போது கரையில் சுபனாலி வந்து நின்றார். முதல் வரைவில் அவரை ஒரு சிடுமூஞ்சியாக்கி உங்களைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அது அநியாயம். அவர் பேசியது இது:

“நல்ல தண்டனை! எனக்கும் ஒண்ணு போடுங்களேன். போன அறுவடையில என் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளயே உறைஞ்சு போச்சு. ஒருத்தன் எட்டிப் பார்த்தானா?”

“நீங்க கூப்பிடலையே, பைகே,” என்றாள் கடைக்காரி மெதுவாக. பைகே என்றால் அண்ணன்; அவரை ஊரே அப்படித்தான் கூப்பிடும்.

“கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு இந்தத் தெருவுலதானே நடந்தேன்? இன்னும் தண்டோரா வேற போடணுமா?”

எனக்கு இதை எழுதும்போதும் ஊர்க்காரர்கள்மீது கோபம் வருகிறது. அடித்தவனுக்கு விருந்து, அடிபட்டவருக்கு ஒன்றுமில்லை. சட்டம் விட்ட குறையை ஊரும் சேர்ந்து பெரிதாக்கியிருந்தது.

4

ஜிப்பார் நீதிபதிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

‘பணி முடிந்தது’ என்று அவள் எழுதுகிறாள். பொய்.

‘முடியவில்லை’ என்று எழுதுகிறாள். எசென்கான் சிறைக்குப் போகிறான், சுபனாலியின் கை அப்படியே —

இருவரும் கட்டித் தழுவுகிறார்கள். வாசகர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் தழுவுவதற்கு இரண்டு கை வேண்டும்.

மூன்றையும் கிழித்தேன். ஏனென்றால் அன்று மாலையே எசென்கான் அவளுடைய அலுவலகத்துக்கு வந்துவிட்டான்.

“இன்னிக்கு வேலை கணக்குல சேராது,” என்றாள் ஜிப்பார். “கீழ் வாய்க்காலை நீ தனியா வாரணும். அப்படித்தான் நீதிபதிக்கும் எழுதப்போறேன்.”

“சரி எஜே. இன்னொரு அறிவிப்பு ஒட்டுவீங்களா?”

“எதுக்கு?”

“சுபனாலி பைகே வயலுக்கு. நடவுக் காலம். அவர் கூப்பிட மாட்டார். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது?”

“அவர் வயல்ல வேலை செஞ்சா தண்டனையில கழியாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

அவளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. எழுதினாள். கையெழுத்து மட்டும் போடவில்லை: ‘சனிக்கிழமை காலை, சுபனாலியின் வயலில், உருளைக்கிழங்கு நடவு.’

5

அந்தச் சனிக்கிழமை ஊர் சுபனாலியின் வேலிக்கு வெளியே மண்வெட்டியோடு நின்றது. எசென்கான் முன்னால். ஜிப்பார் எல்லாருக்கும் பின்னால், அவள் கையிலும் ஒரு மண்வெட்டி. வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று சொல்லாமல் அஷாருக்கு யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். சுபனாலி வேலிக் கதவுக்கு அந்தப்புறம் வந்து நின்றார். எசென்கானைப் பார்த்தார். வாயைத் திறந்து —

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் நின்றேன். ஆனால் அவரைக் கேட்காமலே நீதிபதி ஒரு முடிவெடுத்தார். அவரைக் கேட்காமலே எசென்கானும் ஜிப்பாரும் ஒரு முடிவெடுத்தார்கள். மூன்றாவதாக நானும் சேர மாட்டேன்.

நீங்கள் அவர் இடத்தில் நின்று பாருங்கள். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இடது கையாலும் திறக்கலாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.