விழுங்க மாட்டேன்

குளிர்பானக் கம்பெனியில் ருசி பார்ப்பது என் வேலை. கேட்கிறவர்கள் எல்லாரும் "கொடுத்து வெச்சவ" என்பார்கள். சம்பளத்தோடு ஜூஸும் இலவசம் என்று அவர்களுக்கு நினைப்பு. தொட்டியில் பானம் கலந்ததும் குட்டி கிளாஸ்களில் பிடித்து எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். நாங்கள் குடித்துப் பார்த்து 'சரி', 'கூட', 'குறைவு' என்று மூன்றில் ஒன்றைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். சர்க்கரையை அளக்க மிஷின் இருக்கிறது. குடிக்கிறவன் வாய்க்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் நாங்கள்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். மூத்தவரைக் கம்பெனியே 'பெரிய நாக்கு' என்று கூப்பிடும். நான் 'சின்ன நாக்கு'. அவரை நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். எதிரெதிரே உட்காருவோம். எப்போதும் "நீ முதல்ல பாரு தங்கச்சி" என்பார். நான் குடித்துக் கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் தன் கிளாஸைத் தொடுவார். எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று வீட்டில் போய்ப் பெருமையடித்திருக்கிறேன்.

அந்த அறைக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. விழுங்க வேண்டும், துப்பக் கூடாது. "காசு குடுத்து வாங்குறவன் துப்பவா போறான்? தொண்டையில எறங்கினாத்தான் கடைசி ருசி தெரியும்" என்பார். மேனேஜருக்கு இந்த வசனம் ரொம்பப் பிடிக்கும். யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் தன் வசனம் போலவே சொல்லிக் காட்டுவார். ஒரு மிடறுதானே என்று நீங்கள் கேட்கலாம். தொட்டிக்கு ஒரு மிடறு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தொட்டிக்குப் பின் தொட்டி. சிறுதுளி பெருவெள்ளம் என்பதைச் சேமிப்புக்குத்தான் சொல்வார்கள். என் ரத்தத்திலும் அது நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் என் ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் உள்ள வரலை, வாசல்ல நிக்குது. இனிப்பைக் குறைச்சா திரும்பிப் போக வாய்ப்பிருக்கு. இல்லேன்னா உள்ள வந்து உக்காந்துக்கும்" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். என் அக்காவுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. ஷூ கடித்த புண் என்றுதான் ஆரம்பித்தது. "போனா போகட்டும், மோதிரம் போடுற விரலா அது?" என்று சிரிப்பாள். செருப்பு வாங்கப் போனால் மட்டும் கடைக்குள் வர மாட்டாள். வெளியில் நின்றுகொண்டு, "நீயே ஏதாவது பார்த்து வாங்கிட்டு வா" என்பாள். எனக்கு அந்தச் சிரிப்பும் வேண்டாம், அந்தக் கடை வாசலும் வேண்டாம்.

முதல் சண்டை வீட்டில். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். பிஸ்கட் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். ஃபிரிட்ஜிலிருந்த பாட்டில்களை, எங்கள் கம்பெனி பாட்டில்தான், சிங்க்கில் ஊற்றினேன். வீட்டுக்காரர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினார்.

"இது என்ன, டீயா கஷாயமா?"

"சர்க்கரை டப்பா அங்கதான் இருக்கு. வேணும்னா நீங்களே போட்டுக்குங்க. என் டம்ளர் பக்கம் ஸ்பூன் வந்துச்சு, அப்புறம் கை இருக்காது."

"ஊரையே இனிக்க வைக்கிறவ வீட்டுல இப்படி ஒரு பஞ்சமா?" என்று முணுமுணுத்தார். அவருக்கு ஸ்பூனை எடுக்கச் சோம்பல். நாலு நாள் முனகிவிட்டு அவரும் அப்படியே குடிக்கப் பழகிவிட்டார். எனக்கோ வேறொன்று நடந்தது. ஒரு நாள் சமைக்கும்போது ஒரு துண்டு கேரட்டை வாயில் போட்டேன். இனித்தது. இத்தனை வயசுக்கு அப்புறம் கேரட் இனிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நின்ற இடத்திலேயே முழுக் கேரட்டையும் தின்றேன்.

வீட்டில் வாயைக் கட்டிவிட்டுக் கம்பெனியில் அதே வாயில் ஊற்றிக்கொண்டால் எதில் சேர்த்தி? மறுநாள் முதல் கிளாஸை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த சிங்க்குக்கு எழுந்து போனேன், வாயில் வைத்து நாக்கில் உருட்டினேன், துப்பினேன். அடுத்தவர் முகத்துக்கு நேரே துப்பக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டுதான். வாய் கொப்பளித்துத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அண்ணன் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார்.

"என்ன தங்கச்சி இது?"

"சர்க்கரை அண்ணே. டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே துப்பித்தான் பாப்பேன்."

"எனக்கும்தான் சர்க்கரை இருக்கு. நான் துப்புறேனா? கம்பெனி உப்பைத் தின்னுட்டு..."

"உப்பா இருந்தா தின்னுட்டுப் போறேன் அண்ணே. இவங்க குடுக்குறது சர்க்கரையாச்சே."

அவர் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார். எல்லாரும் ஷூ போட வேண்டிய அந்த அறையில் அவர் மட்டும் கொஞ்ச நாளாக ரப்பர் செருப்பு போட்டிருந்தார். கட்டை விரலில் ஒரு துணிக்கட்டு. கேட்டால் ஷூ கடித்தது என்பார்.

அதிலிருந்து எங்கள் சீட்டுகள் முட்டிக்கொள்ள ஆரம்பித்தன. இத்தனை வருஷமாக இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்துப்போன சீட்டுகள். இப்போது நான் 'கூட' என்றால் அவர் 'சரி' என்றார். நான் 'குறைவு' என்றாலும் அவர் 'சரி'தான். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"துப்பித் துப்பி தங்கச்சி நாக்கு கெட்டுப்போச்சு சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நாக்கைச் சொல்வதும் என் பிழைப்பைச் சொல்வதும் ஒன்று. கூடப் பிறக்காத குறையாக எதிரே உட்கார்ந்திருந்த மனிதர், கூசாமல் சொல்கிறார்.

"நாளையிலேர்ந்து விழுங்குங்க. முடியாதுன்னா பேக்கிங் செக்‌ஷன்ல ஆள் வேணும்னு கேக்குறாங்க" என்றார் மேனேஜர்.

"விழுங்க மாட்டேன் சார். பேக்கிங்குக்கும் சும்மா போக மாட்டேன். யார் நாக்கு கெட்டிருக்குன்னு சோதிச்சுப் பாருங்க. நான் தோத்தா நானே போய் அட்டைப்பெட்டி மடிக்கிறேன்."

மேனேஜருக்கு இது பிடித்துப்போனது. அந்தக் கட்டடத்தில் வேடிக்கை என்று வேறு எதுவும் கிடையாது. மறுநாள் காலை என்று முடிவானது. சில சுற்றுகள், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் மாறியிருக்கும். எது என்று அதைக் கலந்து கொண்டுவரும் லேப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும். வழக்கப்படி நான் முதலில் குடிக்க வேண்டும், அடுத்து அவர். அதற்குப் பிறகு லேப் பெண் கைதட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் விரலைக் காட்ட வேண்டும். முதல் கிளாஸ் என்றால் ஒரு விரல், நடு கிளாஸ் என்றால் இரண்டு, கடைசி என்றால் மூன்று. அவர் விழுங்குவார், நான் துப்புவேன்.

"சிங்க்குக்கு எழுந்து போக வேண்டாம்" என்றார் அண்ணன். "இங்கயே, எனக்கு எதிர்லயே உக்காந்து துப்பட்டும். பரவாயில்லை."

அதற்காகக் கடையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் மக் வாங்கிக்கொண்டு போனேன். மேஜை மேல் வைத்ததும் மேனேஜர் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, பாத்ரூம் மக்கைக் கொண்டுவந்து வெக்கிறீங்க?"

"புதுசு சார். அது இன்னும் ஒரு தடவை கூடக் குளிச்சதில்லை."

லேப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளாஸ்களை வைத்தாள். முதல் கிளாஸ், வழக்கமான பானம். துப்பினேன். இரண்டாவதை வாயில் விட்டதும் புருவம் தானாக ஏறியது. சர்க்கரை தூக்கல். "உன் முகத்துல ஒண்ணும் தங்காது, ஊருக்கே ரேடியோ வெச்ச மாதிரி" என்று அக்கா சொல்லுவாள். மூன்றாவது மறுபடி வழக்கமானது. துப்பிவிட்டு நிமிர்ந்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாஸை இல்லை, என் புருவத்தை.

பிறகு தன் கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் குடித்தார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். லேப் பெண் கை தட்டினாள். நானும் இரண்டு விரல், அவரும் இரண்டு விரல்.

இத்தனை வருஷ மரியாதையும் ஒரு நொடியில் வேறு முகம் காட்டியது. நீ முதல்ல பாரு தங்கச்சி. எனக்கு எதிர்லயே துப்பட்டும். இருந்தாலும் சந்தேகம் தீர வேண்டாமா? அடுத்த சுற்றில் முகத்தை இறுக்கிக்கொண்டேன். மூன்று கிளாஸுக்கும் ஒரே முகம். செத்தாலும் அசைய மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு விடை தெரிந்துவிட்டது, முதல் கிளாஸில் சர்க்கரை குறைவு.

அண்ணன் தன் முதல் கிளாஸைக் குடித்தார், என்னைப் பார்த்தார். இரண்டாவதைக் குடித்தார், என்னைப் பார்த்தார். மூன்றாவது முடிந்து மறுபடியும் முதலுக்கு வந்தார். நெற்றியில் வியர்வை. அவர் நாக்கில் ஒன்றுமே இல்லை. சர்க்கரையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. எத்தனை காலமாகவோ தெரியாது, பெரிய நாக்கு என் முகத்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. நான் சிங்க்குக்குத் திரும்பியதும் அவருக்குத் தண்ணி ஊற்றுகிற குழாய் அடைத்துவிட்டது. அதற்கு என் நாக்கு கெட்டுப்போச்சாம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாய் துடித்தது. கேட்கக்கூட வேண்டாம். இப்படியே கல்லாக உட்கார்ந்திருந்தால் போதும், லேப் பெண் கை தட்டுவாள், எல்லாம் முடியும். நான் அறையில், அவர் அட்டைப்பெட்டிப் பக்கம்.

கண்ணைத் தாழ்த்தினேன். மேஜைக்கு அடியில் அந்த ரப்பர் செருப்பு தெரிந்தது. விரலில் கட்டிய துணி நனைந்து மஞ்சளாகியிருந்தது. அக்கா காலில் அந்த நிறத்தை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து என்ன வரும் என்றும் பார்த்திருக்கிறேன்.

கோபம் போகவில்லை. போயிற்று என்று சொன்னால் பொய். ஆனால் அது அவரை விட்டு, அவர் கையிலிருந்த கிளாஸின் மேல் ஏறியது. இந்த மனிதர் ஒன்றும் தெரியாத நாக்கோடு, எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, மிடறு மிடறாக விழுங்கிக்கொண்டிருக்கிறார். தன் காலைத் தானே.

லேப் பெண் கையை உயர்த்தினாள், மேனேஜர் கண் அந்தக் கையில் இருந்தது. நான் அண்ணனை நேராகப் பார்த்தேன். பிறகு முதல் கிளாஸைப் பார்த்து, சப்பென்று இருக்கிறது என்று குழந்தைக்குக் கூடப் புரிகிற மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். தெரிந்தேதான் பிதுக்கினேன். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிய வேண்டும். அவர் முகம் வெளுத்தது.

கைதட்டல். ஆளுக்கு ஒரு விரல்.

மிச்சச் சுற்றுகளிலும் முகத்தை அவருக்குத் திறந்து வைத்தேன். ஒன்று கூடத் தப்பவில்லை. லேப் பெண் விடைகளைச் சரிபார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எல்லாமே சரி சார்" என்றாள்.

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். "அப்போ விழுங்கினாலும் ஒண்ணுதான், துப்பினாலும் ஒண்ணுதானா?"

"அதைத்தான் சார் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். நாக்கு வேலையை நாக்கு பாத்தாப் போதும். தொண்டைக்கு என்ன வந்துச்சு இங்க? கம்பெனியில யாரும் இனிமே விழுங்க வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, உங்க இஷ்டம்" என்றுவிட்டு மேனேஜர் போனார். கூடவே லேப் பெண்ணும் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள்.

நானும் அண்ணனும் மட்டும். அவர் தலை நிமிரவில்லை.

"எப்போலேர்ந்து அண்ணே?"

"தெரியலை தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. வெளிய சொன்னா..." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உன்னைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான். அதுக்கு நான் உங்களை இன்னும் மன்னிக்கலை." பையிலிருந்து இன்னொரு மக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கடையில் ஜோடியாகத்தான் கொடுத்தான், இது நீலம். "இன்னிக்கே டாக்டர்கிட்ட போறீங்க. முதல்ல காலைக் காட்டுங்க, அப்புறம் நாக்கு. நாளையிலேர்ந்து நீங்களும் துப்புறீங்க. நாக்கு திரும்பி வர்ற வரைக்கும் என் முகத்தைப் பாத்துக்குங்க, கடனாத் தரேன். ஆனா ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு வெச்சுக்குங்க, நான் திரும்பி உக்காந்துடுவேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

மறுநாள் காலை அவர் காலில் வெள்ளைக் கட்டு, ஆஸ்பத்திரிக் கட்டு. முதல் தொட்டியின் கிளாஸ்கள் வந்தன. நான் வாயில் வைத்தேன், உருட்டினேன், அவருக்கு நேராகவே பச்சை மக்கில் துப்பினேன். முகத்தை மட்டும், அவர் துப்புகிற வரை என்று, இறுக்கமாக வைத்துக்கொண்டேன். அவர் தன் கிளாஸை வாயில் கவிழ்த்தார். கன்னம் உப்பியிருந்தது. நீல மக்கைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வருஷக்கணக்கான பழக்கம், தொண்டை மெல்ல ஏறத் தொடங்கியது.

நான் நாற்காலியைத் திருப்பினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

நான் அசையவில்லை. நாள் முழுக்க ஆனாலும் சரி, பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

பின்னால் பிளாஸ்டிக்கில் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பி உட்கார்ந்து, முகத்தைக் காட்டினேன்.