தானாகத் துடிப்பது

"அண்ணி! கை அசைஞ்சுது அண்ணி! நான் கூப்பிட்டதும் விரலை அசைச்சாரு!"

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி ஓடிவந்தபோது, அவளுடைய நாத்தனாரான டீச்சர் வராந்தாவில் ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோப்பை எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ஓடினாள். மூட்டுவலிக்காரி, மாடிப்படிக்கே பயப்படுகிறவள். நர்சிங் பள்ளியில் காலம் காலமாக உடற்கூறு நடத்துகிறவள் என்பதால் அந்த விரல் எதனால் அசைந்திருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓடினாள். கால் யாரைக் கேட்டுக்கொண்டு ஓடியது?

பள்ளியில் அவளுக்கு 'எலும்பு டீச்சர்' என்று பெயர். சாமான் அறையில் தொங்கும் எலும்புக்கூட்டை, குடித்துவிட்டு வந்த ஆளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவருவது போல, தோளில் கை போட்டு அவளே வகுப்புக்கு அழைத்துவருவாள். உடம்பைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னால் பொறுக்காது. பயத்தில் ஈரக்குலை நடுங்கியது என்று ஒருத்தி சொன்னதற்கு, "கல்லீரலுக்கு நடுங்கத் தெரியாதும்மா, அதுக்கு வேற ஆயிரம் வேலை இருக்கு" என்றாள். நெஞ்சுக்குள்தானே மனசு இருக்கிறது என்று கேட்ட இன்னொருத்தியிடம், "ரெண்டு நுரையீரலும் ஒரு இதயமும் நெருக்கியடிச்சுக்கிட்டு கிடக்குது. மனசை எங்க அடைச்சு வைப்ப?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தாள். அப்படியெல்லாம் பேசிய வாய்தான், தம்பி விழுந்த நாளிலிருந்து பசை போட்டு ஒட்டியது போலக் கிடக்கிறது.

தம்பி மின்தூக்கி பழுதுபார்க்கிறவன். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே இருட்டில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவனுக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. வீட்டு வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அன்று சாயங்காலம் மருத்துவமனைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுத தம்பி மனைவியைப் பிடித்து உட்காரவைத்து, டீச்சர் சொன்னாள்: "இதயம் நல்லா துடிக்குது. நான் பார்த்துட்டுதான் வரேன். பயப்படாதே." சொன்னது உண்மை. அந்த உண்மையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரியும். இதயத்துக்குத் துடிக்க மூளையின் தயவு வேண்டாம். அதன் மேல் அறையின் சுவரில் சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது, அதுவே மின்சாரம் உண்டாக்கி அதுவே துடிக்கவைத்துக்கொள்ளும். மூச்சுதான் அப்படி இல்லை. மூச்சுக்கு மூளைத்தண்டின் அடியிலிருக்கும் முகுளம் உத்தரவு போட வேண்டும். தம்பிக்கு இப்போது உத்தரவு போடுவது கட்டிலோரத்து இயந்திரம்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி மனைவி ஒரு வாய் சோறும் தண்ணீரும் இறக்கினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அண்ணியே சொல்லிட்டாங்க, இதயம் நல்லா இருக்காம்" என்றாள். டாக்டர் நேற்று டீச்சரைத் தனியாக அழைத்துப் பேசினார். மூளைத்தண்டில் எந்த அசைவும் இல்லை. முதல் சோதனை முடிந்தது, இன்று மத்தியானம் இரண்டாவது. அதிலும் இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டியதுதான். "நீங்க படிச்சவங்க. அவங்களுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தவள் இன்னும் சொல்லவில்லை.

கட்டிலருகே போனதும் தம்பி மனைவி அவன் கையைத் தூக்கிக் காட்டினாள். சுட்டுவிரல் நகத்தின் மேல் டீச்சர் தன் நகத்தால் அழுத்தினாள். விரல் லேசாக மடங்கியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா அண்ணி!"

டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஒரு கணம்தான். கையிலிருந்து போகும் நரம்பு தண்டுவடத்தைத் தொட்டுவிட்டு அங்கிருந்தே திரும்பி வந்து விரலை இழுக்கும். அனிச்சைச் செயல். கழுத்துக்கு மேலே யாரும் இல்லாவிட்டாலும் நடக்கும். மேலே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முகத்தில்தான் பார்க்க வேண்டும், முகத்து நரம்பு நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது. அவள் கட்டைவிரலைத் தம்பியின் புருவத்து எலும்பின் மேல் வைத்து அழுத்தினாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. இன்னும் அழுத்தினாள். சின்ன வயதில் தலைவாரும்போது சீப்பு பட்டாலே ஊரைக் கூட்டுகிறவன்.

"என்ன அண்ணி பண்றீங்க? வலிக்கும் அவருக்கு!"

"வலிக்கணும்டி" என்றாள் டீச்சர். "வலிச்சா போதும்டி எனக்கு."

கையை எடுத்தபோது புருவத்தின் மேல் அவளுடைய நகத்தடம் பிறைபோல் பதிந்திருந்தது. தம்பி மனைவி அந்தத் தடத்தையும் டீச்சரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ புரிந்துகொண்டு, புரியவில்லை என்று வைத்துக்கொள்வது போல முந்தானையால் அந்தத் தடத்தைத் துடைத்தாள்.

டாக்டர் வந்தார். கூட வந்த நர்ஸ் இவளிடம் படித்தவள், மணிக்கட்டு எலும்புகளை வரிசையாகச் சொல்லத் தெரியாமல் வகுப்புக்கு வெளியே நின்றவள். "டீச்சர், நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்களேன். பாக்க வேண்டாம்" என்றாள்.

"இல்லம்மா. அவ பாக்கட்டும்" என்றாள் டீச்சர். பிறகு தம்பி மனைவியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இப்ப மூச்சு மெஷினைக் கழட்டுவாங்க. தானா மூச்சு விடுறானான்னு பாப்பாங்க. விட்டா இருக்கான்."

"விடலைன்னா?"

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இப்போது இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழாயை இயந்திரத்திலிருந்து பிரித்தார்கள். இத்தனை நாளாக அந்த அறையில் புஸ் புஸ்ஸென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. போர்வையை இடுப்புவரை இறக்கியிருந்தார்கள். டாக்டர் அவன் மார்பையே பார்த்தார், நர்ஸும் பார்த்தாள். விலா எலும்புகளுக்குக் கீழே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம் இப்போது கீழே இறங்க வேண்டும், வயிறு மேலே எழ வேண்டும். ரத்தத்தில் கரியமிலவாயு ஏற ஏற முகுளத்தால் சும்மா இருக்க முடியாது, அடித்துப் பிடித்து மூச்சை இழுக்கவைக்கும். அப்படித்தான் அவள் பாடம் நடத்தியிருக்கிறாள். யாரும் நினைத்து நடப்பதில்லை, கெஞ்சி நடப்பதில்லை.

"விடுடா" என்றாள் டீச்சர். முதலில் வாய்க்குள். பிறகு சத்தமாக. "மூச்சு விடுடா சின்னவனே. ஒரு மூச்சுடா. அக்கா கேக்குறேன்டா, ஒண்ணே ஒண்ணு விட்டுரு."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு எழவில்லை. டாக்டர் அவசரப்படவில்லை, காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார். குழாயைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு, "நீங்க பேசுங்க. நான் வெளியில இருக்கேன்" என்று போனார். மறுபடியும் புஸ் புஸ்.

"இல்லம்மா" என்றாள் டீச்சர். "அவன் இல்லம்மா."

தம்பி மனைவி அழவில்லை. சண்டைக்கு வருகிறவள் போல் டீச்சரின் கையை வெடுக்கென்று இழுத்து அவன் இடது மார்பின் மேல் வைத்து, மேலே தன் கையால் அழுத்திக்கொண்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க? தொட்டுப் பாருங்க. நல்லா துடிக்குது."

"அது தானா துடிக்கும்மா. அதுக்கு யாரும் வேண்டாம். அன்னிக்கே நான் உங்கிட்ட... அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"யாரும் வேண்டாமா?" அவள் குரல் கீழே இறங்கியது. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். "அப்ப இது யாருக்காகத் துடிக்குது அண்ணி?"

டீச்சர் கையை எடுக்கவில்லை. வெதுவெதுப்பான தோலுக்கு அடியில், துக்கச் செய்தி இன்னும் போய்ச் சேராத வீட்டில் அடுப்பு மூட்டி உலை வைத்துக்கொண்டிருப்பது போல, அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.