பலகைக்கு அந்தப் பக்கம்

சீதேவிப்பிள்ளைக்குச் சயரோகம் என்று பரிகாரியார் சொன்ன அன்றே, வளவின் பின்புறம் வாவிக்கரையோரமாக ஓர் ஓலைக் கொட்டில் போடச் சொன்னேன். அவள் என் தங்கையின் மூத்த மகள். தங்கை காலமான பிறகு அந்த வீட்டுக்கு நான்தான் பொறுப்பு. இளையவள் இரத்தினம்மாவுக்குத் தை மாதம் கலியாணம் என்று பேசி முடித்திருந்தோம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். இப்படி ஒரு நோய் இருக்கும் வளவுக்கு எந்தத் தாய் மகனை அனுப்புவாள்? அதனால், சீதேவி முருகனுக்கு நேர்ந்து தனித்து விரதம் இருக்கிறாள் என்று செட்டிபாளையம் முழுவதும் சொல்லி வைத்தோம். கோயிலை நடத்தும் வண்ணக்கர் நான். என் வாயால் வந்ததை ஊர் நம்பியது.

சீதேவியின் புருஷன் வட்டையில் வயல் வேலை என்று போனவன், தன் தாய் வீட்டிலேயே தங்கிவிட்டான். அவர்களுடைய மகள் பூரணிக்கு நாலு வயது. தாயைத் தேடி இரவும் பகலும் அழுதது. கொட்டில் வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதற்கு இந்தப் பக்கம் பிள்ளை இருக்கலாம் என்றேன்.

"சும்மா பாத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இரிக்கும் மாமா?" என்றாள் சீதேவி. "எழுத்துக் காட்டிக் குடுக்கட்டா? நான் இரிக்கக்குள்ளயே அவள் நாலெழுத்துப் பழகட்டுமே."

"விசயதசமிக்குக் கோயில்ல ஏடு தொடக்க முன்னம் எழுதப்படாது. நம்மட குடிப்புள்ளைதான் ஊருக்கு முதல்ல அரிசியில விரல் வைக்கிற."

"விரலால எழுதமாட்டாள். மட்டி ஓட்டை அடுக்கி விளையாடட்டும்."

அதை நான் மறுக்கவில்லை. வாவியில் பொறுக்கிய மட்டிச் சிப்பி ஓடுகளை இரண்டு குவியலாக வைத்தோம், தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. தாய் தொட்ட ஓடு பலகையைத் தாண்டக் கூடாது. அவள் தன் பக்கத்து மணலில் ஓர் எழுத்தை அடுக்குவாள். பிள்ளை எதிரே குந்தி, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் மணலில் அடுக்கும்.

"கண்ணை மூடு கிளி. தடவிப் பாரு. வால் சுருண்டு இரிக்கா?"

"இல்ல."

"அப்ப என்ன எழுத்து?"

"ஆனா."

இருமல் வந்தால் சீதேவி பின்சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கலியாணப் பெண் என்று இரத்தினம்மாவை நான் அந்தப் பக்கமே விடவில்லை. பிள்ளை அடுக்கியதைப் பார்த்தவள் தாய் ஒருத்திதான். அவள் இருந்த இடத்திலிருந்து எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

விசயதசமியன்று கோயிலில் பூரணியை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரத்தினம்மாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய் மாணிக்கப்பிள்ளையும் வந்து முன்வரிசையில் இருந்தாள். ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதினார்.

"ஐயா பிழையா எழுதிட்டார்," என்றது பூரணி.

எல்லாரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். "அப்ப நீங்க எழுதுங்க பாப்பம்."

"எழுதட்டும்," என்றேன் நான். எங்கள் பிள்ளையின் கெட்டித்தனத்தை ஊர் காணட்டும் என்றிருந்தது. பிள்ளை நிதானமாக எழுதியது. வளைவும் கோடும் அப்படியே இருந்தன. ஆனால் எழுத்து முழுவதும் தலைகீழாக நின்றது.

மாணிக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. எழுந்து வந்து பிள்ளையின் முன்னால் நின்று பார்த்தாள்.

"இங்கால நிண்டு பாத்தா சரியாத்தானே இரிக்கு. ஆருகா உனக்குப் பழக்கின?"

"அம்மா."

"அம்மா உன்னை மடியில வைச்சுப் பழக்கல்லயா?"

"அம்மாவைத் தொடப்படாது. பலகைக்கு அங்கால போகப்படாது."

மாணிக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"விரதம் இரிக்கிற தாய் பெத்த புள்ளையைத் தொடப்படாதெண்டு எந்தச் சாமி சொன்னது வண்ணக்கர்? என்ட மகன் வந்து இரிக்கப்போற வளவு அது."

"நம்மட குடியில பொய் சொல்லிப் பழக்கமில்ல," என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தீர்த்தம் வாங்காமலே போனாள்.

வீட்டில் சீதேவி பலகையடியில் காத்திருந்தாள். "வடிவா எழுதினாளா மாமா?"

"ஒரு பிழையும் இல்ல."

மறுநாள் விடியவே மாணிக்கப்பிள்ளையின் தம்பி வந்தான். சாதகத்தை வேறோர் இடத்தில் பார்த்ததில் பொருத்தம் இல்லையாம். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்று பின்னேரம் இரத்தினம்மா, யாரையும் கேட்காமல், கொட்டில் வாசலுக்குப் போய்ப் பிள்ளையின் பின்னால் இருந்தாள். நான் தடுக்கவில்லை. அவள் பிள்ளையின் கையைப் பிடித்து மட்டி ஓடுகளைச் சரியான பக்கமாக அடுக்கினாள்.

சீதேவி அந்த எழுத்தைப் பார்த்தாள்.

"இண்டைக்கு ஏன் தலைகீழா வைக்கிறாள்?"

அவள் பிள்ளைக்குப் பின்னால் இருந்த தங்கையைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து எழுத்தைப் பார்த்தாள்.

"கலியாணம் நிண்டு போச்சா மாமா?"

"சாதகம் பொருந்தல்லயாம்."

"ஓம்," என்றாள்.

பின்பு தான் அடுக்கியதைக் கலைத்தாள். பிள்ளைக்கு நேராகத் தெரியும்படி, தன் பக்கத்திலிருந்து தலைகீழாக அகரத்தை அடுக்கத் தொடங்கினாள். வளைவு பிழைத்தது. மறுபடி கலைத்தாள். இருமல் வந்து, திரும்பிக்கொண்டாள். ஓடுகள் அவள் மடியிலிருந்து சிதறின. ஒன்று உருண்டு வந்து பலகையில் முட்டி நின்றது.

அதை எடுக்கப் பூரணி கையை நீட்டியது.

"தொடாத," என்றேன்.