ஓங்கில் சுத்தும் இடம்

கருவாட்டுக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பசுவந்தனைக்கு வருகிற மிக்கேல், சரக்கைவிட வாயைத்தான் அதிகம் விற்பான். அன்றைக்குச் சாளைக் கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த சொர்ணத்தாயிடம், தருவைகுளத்துக் கடலில் ஓங்கில் என்கிற டால்பின் துள்ளுவதைச் சொல்லிவைத்தான். ஆளைவிடப் பெரிசாம். மீன் மாதிரி இருந்தாலும் மூச்சு விட மேலே வருமாம், குட்டிக்குப் பால் கொடுக்குமாம்.

"மீனு பால் குடுக்குமா? இந்தக் கருவாட்டுல ஒரு சொட்டு பீச்சிக் காட்டும், பாப்போம்."

"வந்து பாத்துட்டுப் பேசுங்க மைனி."

ஆசை பிடித்துக்கொண்டது. கிணற்று வெட்டில் கல்லும் மண்ணும் சுமந்தே வளர்ந்தவள். வேடிக்கை பார்க்கவென்று ஊரைத் தாண்டியதில்லை. புருஷன் வெயிலுமுத்துவுக்குக் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிற வேலை. அவனும் சரி என்றான். மிக்கேல் அவனைத் தனியே கூப்பிட்டுப் படகுக் கூலியைச் சொன்னான்.

"துட்டு வேண்டாம் அண்ணாச்சி. தோட்டா ஒண்ணு ரெண்டு கொண்டாங்க, போதும்."

வேலையில் மிஞ்சுகிற வெடித் தோட்டாவை ஒதுக்கிவைப்பது அங்கே எல்லாரும் செய்கிறதுதான். வெயிலுமுத்து அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சொர்ணத்தாயோடு பஸ் ஏறினான்.

மிக்கேல் படகை நிறுத்திய இடத்தில், கரைக்கு எதிரே உள்ள தீவுக்கும் பாருக்கும் நடுவே கடல், நிறைந்த கண்மாய் போல அசையாமல் கிடந்தது. பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. சங்கு எடுப்பவர்கள் மூழ்குகிற இடம். அவர்கள் மாட்டுகிற கண்ணாடியை மிக்கேல் கொடுத்தான். சொர்ணத்தாய் அதை மாட்டிக்கொண்டு, படகு விளிம்பில் கவிழ்ந்து, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள். மூச்சு முட்ட நிமிர்ந்தாள்.

"ஆத்தாடி! குட்டி! தாய் வயித்தோட ஒட்டிக்கிட்டே போகுது!"

"சுத்துதுல்லா? அங்கனதான் மீன் குமிஞ்சி கெடக்கும்" என்றான் மிக்கேல். "தோட்டாவப் போடுங்க அண்ணாச்சி, செத்து மெதக்கத அள்ளிருவோம்."

வெயிலுமுத்து தோட்டாவில் திரியைச் செருகி, பீடியைப் பற்றவைத்தான்.

"என்ன செய்யுதீங்க?"

"படகுக் கூலி. நீ தலைய உள்ள இழுட்டி."

"அப்ப ஓங்கிலு?"

"சாகும்" என்றான் மிக்கேல், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் போடலைன்னா அடுத்தவன் போடுவான். வலையில முந்தி மாதிரி என்ன விழுது?"

"ஏன் விழல?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கெணத்துல திரியக் கொளுத்துமுன்ன, கீழ ஆளு இருக்கான்னு மேட்டுல நின்னு கத்துவீங்க. நான் ஏறி வந்து குரல் குடுத்தாத்தான் கொளுத்துவீங்க. இப்பக் கேளுங்க. கீழ ஆளு இருக்கான்னு கேளுங்க!"

பீடி நெருப்புக்கும் திரிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. படகை ஒட்டிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது குட்டி. பின்னாலேயே தாய். வெயிலுமுத்து பீடியைக் கடலில் எறிந்தான். திரியைப் பிடுங்கிவிட்டுத் தோட்டாவைப் பைக்குள் வைத்தான்.

"என்ன அண்ணாச்சி, பேச்சு மாறுதீங்க?"

"கூலிக்கு ஒங்கூட வலை இழுக்கேன். இந்தத் தோட்டாவ எடுத்த எடத்துலயே வச்சிருதேன்."

"கரிசக்காட்டுக் கையி! வலையப் பிச்சிருவீங்க" என்று முனகினான் மிக்கேல். ஆனாலும் வலையை எடுத்தான். ஓங்கில் விரட்டிய மீன் திரும்புகிற, பாறைத் திட்டுகளுக்கு இடையே உள்ள வாய்க்காலில் வளைத்துப் போட்டான். அவன் அப்பன் அப்படித்தான் பிடித்தானாம். கூடை நிறையவில்லை. வெறுங்கூடையும் இல்லை.

"தோட்டா போட்டிருந்தா படகு கொள்ளாது" என்றான், பாதி மனதோடு.

வெயிலுமுத்து வலையை உதறிக்கொண்டே சொன்னான்: "நான் வெடி வைக்கது ஊத்து தெறக்கணும்னுதான்டே. நீ தெறந்து கெடக்க ஊத்துல வெடிய வைக்கே. இன்னைக்கிப் படகு நெறையும். நாளைக்கி ஒம் பிள்ளைக வந்து எறைக்கும்போது, அடியில ஒண்ணும் இருக்காது."