நாத்தனாரின் வலது கட்டைவிரல்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்தது. கைரேகை அடையாள அட்டை வந்தபின் மக்கள் எப்படிக் குடிமக்களாக இருக்கிறார்கள் என்று ஆராயும் குழுவில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவள் நான். இந்தப் பேட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இதை எந்தக் கட்டத்துல போடுறது? பேசாம கதையா எழுதிடுங்க" என்றார். ஏதோ கதை எழுதுவது கட்டம் நிரப்புவதைவிடச் சுலபம் போல.

2

முதல் தொடக்கம்: 'விரல் என்பது அரசும் உடலும் சந்திக்கின்ற ஒரு...'

(நீங்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: 'அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆளாக இருந்தார்கள்.'

இது பரவாயில்லை, பொய்யும் இல்லை. அண்ணி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைப்பவர். சலவைச் சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. பதிவு நாளன்று அவருடைய வலது கட்டைவிரலைக் கருவி ஏற்கவே மாட்டேன் என்றது. துணைக்கு வந்திருந்த நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, செருப்புக்கடையில் வேலை செய்கிறவர். வாடிக்கையாளர்களின் குதிகாலை அமுக்கி உள்ளே தள்ளியே பழகிய கை. "நல்லா அமுக்கணும் அண்ணி" என்று பின்னாலிருந்து கையை விட்டு அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடிமேல் இருந்தது யார் விரல் என்று ஒருவரும் பார்க்கவில்லை.*

* நான் அங்கே இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். விளக்கைத்தான் பார்த்திருப்பேன்.

3

பிறகொரு நாள் நாத்தனார் தன்னைப் பதியப் போனார். கட்டைவிரலை வைத்ததும் திரையில் அண்ணியின் முகம் வந்தது. "நீங்க ஏற்கெனவே இருக்கீங்களே" என்றார்கள். குடிமக்கள் பட்டியலை மூடுவதற்குள் பதியாவிட்டால், பிறந்த தெருவிலேயே அவர் அந்நியர்.

திருத்த வழி ஒன்றுதான். அண்ணியின் பதிவிலிருந்து அந்த விரலை அழிக்க வேண்டும். அழித்தபின் அண்ணியின் தேய்ந்த விரல் ஏறாவிட்டால், பட்டியலில் இல்லாமல் போகிறவர் அண்ணி.

அவர்கள் சமையலறையில் நான் பதிவு செய்த உரையாடல் இது, ஒரு சொல்லையும் மாற்றவில்லை (இரண்டு வசவுகளை மட்டும் எடுத்திருக்கிறேன்):

"அண்ணி, என் விரலைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"நானா கேட்டேன்? நீயா வந்து திணிச்சுட்டு..."

"உதவிதானே பண்ணினேன்!"

"உன் உதவியால மாத்திரை வாங்கணும்னாலும் இப்ப விரல் வைக்க உன்னைக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு."

"கூப்பிட்டப்பல்லாம் வரேன் இல்ல?"

"வர்றே. முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றே."

நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன், "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று நழுவினார். இந்தக் கதைக்குள் அவர் திரும்பி வரவில்லை.

4

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. பதிவு அலுவலரைப் பிடித்தேன். 'அவர் ஏளனமாக உதட்டைப் பிதுக்கி...'

பிதுக்கவில்லை. பதிவைத் திருத்த அவர்கள் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். கருவியின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். மேசையிலிருந்து கைக்களிம்பு எடுத்து அண்ணியிடம் கொடுத்து, தடவிக்கொண்டு சற்று உட்காரச் சொன்னார். வில்லன் வேலைக்கு லாயக்கே இல்லாத மனிதர். பிறகு, "பழசை அழிச்சாத்தான் புதுசு எடுக்க முடியும்மா. அழிச்சது திரும்ப வராது. வீட்ல பேசிட்டீங்களா?" என்றார்.

"வேணாம் அண்ணி, வாங்க போயிடலாம்" என்றார் நாத்தனார். அவ்வளவு சண்டை போட்டவர் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருடி. எத்தனை நாளைக்குத்தான் நான் நீயா இருக்கிறது? அழிங்க சார்."

அழித்தார். இப்போது அண்ணி எந்தப் பட்டியலிலும் இல்லை.

5

முடிவு (அ): கருவி ஏற்கிறது, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (பேராசிரியர் படித்துவிட்டு, "சினிமா மாதிரி இருக்கு" என்றார்.)

முடிவு (ஆ): சிவப்பு விளக்கு. அண்ணி மெல்ல... (என்னால் முடியாது. அந்த வீட்டில் தேநீர் குடித்திருக்கிறேன்.)

ஆகவே இதுவரைதான் சொல்வேன். அண்ணி விரலை வைத்தார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாத்தனாரின் கை, பழக்க தோஷம், அமுக்கிவிட மெதுவாக நீண்டது.

"கையை எடு!"

அண்ணி, அலுவலர், வரிசையில் நின்றவர்கள், நான், எல்லோரும் சேர்ந்து கத்தினோம். நாத்தனார் பதறிப்போய் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அலுவலகமே சிரித்தது. அண்ணியும் குலுங்கிச் சிரித்தார், விரலை மட்டும் அசைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அங்கேயே நில்லு. போயிடாதே."

வட்டத்தை இங்கே நிறுத்திவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். விளக்குக்கு என்ன நிறம் என்று நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். போய்விடாதீர்கள்.