கோட்டுக்கு வெளியே ஒரு கண்டக்டர்

கடலூர் – சிதம்பரம் தடத்தில் ஓடும் அரசுப் பேருந்தில் ராஜவேல் கண்டக்டர். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். படியில் யாராவது கால் தடுமாறினால் போதும், அவர் நினைப்பதற்கு முன்பே வாய் ஊதிவிடும். அந்தப் பழக்கத்தால் பிழைத்தவர்கள் உண்டு. அதே பழக்கம்தான் அவர் மகள் இளவரசியின் கோல் ஒன்றைத் தின்றுவிட்டது.

இளவரசி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பயிற்சி எடுக்கும் பெண்கள் கால்பந்து அணியில் முன்வரிசையில் ஆடுகிறவள். அன்றைக்குப் பண்ருட்டி அணியோடு ஆட்டம். ராஜவேல் டியூட்டி முடிந்து காக்கி உடுப்பும் விசிலுமாக நேராக வந்து மைதானத்தின் எல்லைக் கோட்டை ஒட்டி நின்றார். இரு பக்கமும் கோல் இல்லை, ஆட்டம் முடியும் நேரம். இளவரசி பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓடினாள். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். பின்னால் துரத்தி வந்த பண்ருட்டிப் பெண் கால் இடறிக் குப்புற விழுந்தாள்.

ஆள் விழுந்ததைப் பார்த்ததுதான் தாமதம், ராஜவேலின் வாய் ஊதிவிட்டது. ஒரே விசில், நீளமாக.

ரெஃப்ரீதான் ஊதினார் என்று நினைத்து இளவரசி நின்றுவிட்டாள். பந்தைக் கையில் வேறு எடுத்துக்கொண்டாள். ரெஃப்ரீ சுற்றும் முற்றும் பார்த்து, "யாருங்க அது ஊதுனது?" என்றார். மைதானமே காக்கிச் சட்டையின் பக்கம் திரும்பியது. வெளியாள் ஊதி ஆட்டம் கெட்டதால், பந்தைத் தரையில் போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். கிடைத்த வாய்ப்பு போனது போனதுதான். ஆட்டம் சமனில் முடிந்தது.

வீட்டுக்குப் போகும்போது டூவீலரில் பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் ராஜவேல் வழி நெடுக அதையே கேட்டுக்கொண்டு வந்தார். "விசில் கேட்டா ரெஃப்ரீயத் திரும்பிப் பாக்க வேணாமா? நீ ஏன் நின்ன?"

அன்று மாலை இளவரசி ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே நான் போவல" என்று சொன்னாள். அடுத்த ஞாயிறு சிதம்பரம் அண்ணாமலை நகரில் பெண்ணாடம் அணியோடு ஆட்டம் இருந்தது.

மறுநாள் டியூட்டியில் டிரைவர் கொளஞ்சியப்பனுக்குச் சங்கதி தெரிந்துவிட்டது. "என்னா மாப்ள, நான்தான் சம்பளம் வாங்கிகினு உன் விசிலுக்கு நிக்கிறன். பெத்த பொண்ணையுமா நிறுத்துவ?"

"நீ வேற, வெறுப்பேத்தாத மாமா. அவ ஆட்டத்தையே நிறுத்திட்டா."

ராஜவேல் சும்மா இருக்கவில்லை. கோச் அமராவதிக்கு ஃபோன் போடப் பார்த்தார். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதி, அனுப்பாமல் அழித்தார். கடைசியில் புது ஷூ வாங்கித் தரலாமா என்று மனைவி மாலதியிடம் கேட்டார்.

"பிரச்சன அவ கால்ல இல்ல, உங்க வாயில. ஷூ வாங்குனா வாய் மாறிடுமா?" என்றாள் மாலதி. "ஊரையே கேக்குறீங்க. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

இளவரசி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ராஜவேலும் ஒரு சட்டையை எடுத்துக் கோணல்மாணலாக மடித்தார்.

"அப்பா ஊதுனதுல கோவமா?"

"அது எனக்கே சிரிப்புதாம்பா. பொண்ணுங்கல்லாம் 'ரைட், ரைட்'னு கிண்டல் பண்ணாங்க, நானும் சேந்துதான் சிரிச்சன்." அவர் மடித்த சட்டையை வாங்கி உதறி மறுபடி மடித்தாள். "வண்டியில வரும்போது 'நீ ஏன் நின்ன, நீ ஏன் நின்ன'ன்னு கேட்டுகினே வந்த பாரு. ஊதுனது நீ. நின்னதுக்குத் திட்டு எனக்கு."

ராஜவேல் கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினார்.

"கிரவுண்டுல ஒரு மணி நேரம்தான் ஆட்டம். வீட்டுக்கு வந்தா அதையே உங்கூட ரெண்டு நாளு ஆட வேண்டியிருக்கு. ஜெயிச்சாலும் அப்படித்தான். அதான் வேணான்றன்."

"தப்பு என்னுதுதான். சரி, நான் வரல, நீ போயி ஆடு."

"நீ வரலன்னா, நான் வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு வுடாம கேப்ப. அது இன்னும் மோசம்."

ராஜவேல் சிரித்துவிட்டார். "அப்ப என்னாதான் பண்ணட்டும்?"

"வா. பாரு. நானா கேக்குற வரைக்கும் ஆட்டத்தப் பத்தி வாயத் தொறக்காத. தொறந்தீன்னா அதோட நிறுத்திடுவன்."

ஞாயிற்றுக்கிழமை விசிலை மாலதி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அண்ணாமலை நகர் மைதானத்தில் ராஜவேல் மாலதியோடு, கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வைத்துக்கொண்டு நின்றார். பேச வாய் எடுக்கும்போதெல்லாம் நாலு கடலையை உள்ளே தள்ளினார். பக்கத்தில் பெண்ணாடத்துப் பெண் ஒருத்தியின் அப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "கலைமணி, லெஃப்ட்ல குடு. அங்க இல்ல, லெஃப்ட்ல. கண்ணு தெரியலயா உனக்கு?" கலைமணி பந்தைப் பார்ப்பதா அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் தவறவிட்டாள். ராஜவேலுக்குக் கண்ணாடியில் தன்னையே பார்த்த மாதிரி இருந்தது. பொட்டலத்தை நீட்டினார்.

"கடலை சாப்புடுங்க சார்."

"வேணாங்க, ஆட்டம் போயிகினு இருக்குது."

"அதுக்குத்தான் சார் சொல்றன்."

கடைசியில் அந்த அப்பா கடலையை வாங்கி மென்றுகொண்டிருந்த நேரத்தில் கலைமணி ஒரு கோல் போட்டாள்.

அதற்குப் பிறகு இளவரசிக்கு நல்ல வாய்ப்பு ஒன்று கிடைத்தது. ஓடி வந்து உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. ராஜவேலின் மணிக்கட்டை மாலதி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடலையும் தீர்ந்திருந்தது. கடலூர் அணி தோற்றது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ராஜவேல் மகளிடம் "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். சமோசா வாங்கிக் கொடுத்தார். பேருந்தில் இளவரசி ஜன்னலோரம், ராஜவேல் நடுவில், மாலதி இந்தப் பக்கம். உதைக்கும்போது உடம்பைப் பின்னால் சாய்த்தது தப்பு என்பது அவர் நாக்கு நுனியில் நின்றது. பி.முட்லூர் தாண்டியது. புதுச்சத்திரம் தாண்டியது. இன்றைக்கு வாய் திறந்தால் அந்த ஷூ கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தெரிந்த பாதையையே புதிதாகப் பார்ப்பவர் போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆலப்பாக்கம் வந்தபோது இளவரசி திரும்பினாள்.

"நான் மேல அடிச்சத பாத்தியா?"

"பாத்தன்."

"ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"நீ கேக்கலயே."

"இப்ப கேக்குறன். ஒண்ணே ஒண்ணு சொல்லு."

மாலதி தூங்குவது போலக் கண்ணை மூடியிருந்தாலும், காது இந்தப் பக்கம்தான் இருந்தது. ராஜவேல் நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினார்.

"நீ ஓடி வந்த வேகத்துல அந்த கோல்கீப்பர் பொண்ணு ஒதுங்கிடிச்சி. பந்து வருதுன்னு இல்ல, நீ வரன்னு."

"போப்பா. அது ஒதுங்கல, ஷூ லேஸ மிதிச்சிடிச்சி." இளவரசி சிரித்தாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். உடம்பைப் பின்னால் சாய்த்துவிட்டாளாம். கோச் அக்கா அப்போதே சொன்னார்களாம். இடது பக்கம் எழிலரசி காலியாக நின்றதை அவள் கவனிக்கவே இல்லையாம். எழிலரசி அங்கே நின்றது ராஜவேலுக்கும் அப்போதுதான் தெரிந்தது. குடிகாடு வரும்போது சமோசாக் காகிதத்தைப் பந்தாக உருட்டி, சீட்டுக்கு முன்னால் அவர் செருப்புக் கால்களையே கோல் கம்பமாக வைத்து உதைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ராஜவேல் காலை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"செவ்வாக்கெழம காலையில ஆறு மணிக்கு பிராக்டிஸ்" என்றாள். "எழுப்பி வுடு. எழுப்ப மட்டும்தான்."